கேட்காமல் செத்தவர்களும் கேட்டுப் பிழைத்தவனும்

போன வருஷம் மே மாதம் நடந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நாலு கிலோமீட்டர் போனால் எங்கள் ஊர். மினிபஸ் வரவில்லை. மணி மதியம் ஒன்று. கைபேசியில் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ரோட்டைச் சுற்றிப் போகாமல் கண்மாய்க்குள் புகுந்து நடந்தால் பாதி தூரம்தான் என்று தெரிந்தது. வரைபடத்தில் அந்தக் கண்மாய் நீல நிறத்தில், தண்ணீர் ததும்பி நிற்பது போல அழகாக இருந்தது. கையில் அரை லிட்டர் பாட்டில், அதிலும் பாதிதான் தண்ணீர். கிளம்பிவிட்டேன்.

கண்மாய்க்குள் தண்ணீரும் இல்லை, பாதையும் இல்லை. இருந்ததெல்லாம் சீமைக்கருவேல மரம்தான். நாலா பக்கமும் ஒரே மாதிரி முள். அந்த மரத்து நிழலில் நின்றால் வெயில் சல்லடை வழியாக விழுவது போலத் தலையில் விழும். இருபது நிமிஷத்தில் திசை தெரியாமல் போயிற்று. கைபேசி, சூடாகிவிட்டது என்று ஓர் எச்சரிக்கை கொடுத்துவிட்டு அணைந்துவிட்டது. (வெயிலில் முதலில் மயங்கி விழுந்தது அதுதான்!) தண்ணீர் எப்போதோ தீர்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் வியர்வை நின்று, தலை கனத்து, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்க ஆரம்பித்தது.

ஆட்டு மணிச் சத்தம் கேட்டுத்தான் பிழைத்தேன். ஆடு மேய்க்கிற தாத்தா ஒருவர் தூக்குவாளியிலிருந்து நீராகாரம் ஊற்றிக் கொடுத்தார். உப்புப் போட்டது. "மடக்கு மடக்குன்னு குடிக்காதப்பா, கொஞ்சம் கொஞ்சமாக் குடி" என்றார். யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தார். சொன்னேன். ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரோட்டுல டீக்கடை இருக்குல்ல... ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருக்கலாம்ல தம்பி?"

பதில் சொல்ல முடியவில்லை. உண்மையான பதில் என்ன தெரியுமா? சொந்த ஊருக்கு வழி கேட்க வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல், வறண்ட காட்டில் மனிதர்கள் எப்படிச் சாகிறார்கள் என்று தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் விட்டது, அதிலும் குறிப்பாக இரண்டு பெயர்களுக்கு: பர்க், வில்ஸ். படிக்கப் படிக்க எனக்கு அந்தத் தாத்தாவின் கேள்விதான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இருபது டன் சாமான்

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியை அவுட்பேக் என்கிறார்கள். நம்முடைய பகுதியை வானம் பார்த்த பூமி என்று நாம் புலம்புகிறோம், ஆனாலும் விருதுநகர் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. பர்க்கும் வில்ஸும் செத்துப்போன கூப்பர் கிரீக் பகுதியில் 200 மில்லிமீட்டர் கூடக் கிடையாது. அதுவும் ஒரு வருஷம் பெய்யும், நாலு வருஷம் பெய்யாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நடுப்பகுதியில் என்ன இருக்கிறது என்று கரையோரத்தில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்குத் தெரியாது. பெரிய உள்நாட்டுக் கடல் இருக்கும் என்று சிலர் நம்பினார்கள். 1844-இல் கிளம்பிய சார்ல்ஸ் ஸ்டர்ட், அந்தக் கடலில் விடுவதற்காக வண்டியில் ஒரு படகையே ஏற்றிக்கொண்டு போனார். கடல் இல்லை. கோடையில் ஒரே ஒரு நீர்நிலையின் பக்கத்தில் ஆறு மாதம் மாட்டிக்கொண்டார்கள். அவருடைய துணைத்தலைவர் ஜேம்ஸ் பூல் ஸ்கர்வி நோயில் இறந்துபோனார். (கண்மாயை நீலமாகக் காட்டிய வரைபடத்தை நம்பிப் போனவன் ஸ்டர்ட்டைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. ஆனாலும் சிரிப்பு வந்தது.) 1848-இல் லுட்விக் லைக்கார்ட் என்ற ஜெர்மானியர் கண்டத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடக்கிறேன் என்று ஒரு குழுவோடு உள்ளே போனார். அந்தக் குழுவில் ஒருவர் கூடத் திரும்பி வரவில்லை. என்ன ஆனார்கள் என்று இன்றுவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

பர்க் கதைக்கு வருவோம். 1860 ஆகஸ்ட் 20-ஆம் தேதி மெல்போர்னிலிருந்து ஊர்வலமாகக் கிளம்பினார்கள். தலைவர் ராபர்ட் ஓ'ஹாரா பர்க் ஒரு போலீஸ் அதிகாரி. காட்டில் பயணம் செய்த அனுபவமே அவருக்கு இல்லை. வில்லியம் ஜான் வில்ஸ் நில அளவையாளர். மொத்தம் 19 பேர், இருபத்து மூன்று குதிரைகள், இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ஒட்டகங்கள், சுமார் 20 டன் சாமான். அந்தச் சாமானில் மேசை நாற்காலி உண்டு, சீன வெண்கல மணித்தட்டு உண்டு, ஒட்டகங்களுக்குக் கொடுப்பதற்காக 270 லிட்டர் ரம் கூட உண்டு. நான் கதை விடவில்லை.

இதில் நம் பக்கத்துத் தொடர்பும் இருக்கிறது. பெரும்பாலான ஒட்டகங்களும் அவற்றைப் பார்த்துக்கொண்ட ஆட்களும் அன்றைய இந்தியாவிலிருந்து, கராச்சித் துறைமுகம் வழியாகப் போனவை. சம்லா என்ற இந்து ஒட்டகக்காரர், குழுவில் கொடுத்த மாட்டிறைச்சியைச் சாப்பிட முடியாமல் ஆரம்பத்திலேயே விலகிக்கொண்டார். அந்த மனிதர் உயிர் தப்பியது அவருடைய விரதத்தால் என்று வைத்துக்கொள்ளலாம். :-) இன்னொருவர் ஜான் கிங். அயர்லாந்துக்காரர், இந்தியாவில் பிரிட்டிஷ் படையில் சிப்பாயாக இருந்தவர், ஒட்டகங்களோடு கப்பலேறிப் போனவர். இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில மணி நேரம்

கூப்பர் கிரீக் என்பது தண்ணீர் தேங்கி நிற்கிற நீண்ட ஓடை. அங்கே முகாம் போட்டு, நாலு பேரை விட்டுவிட்டு, 1860 டிசம்பர் 16-ஆம் தேதி பர்க், வில்ஸ், கிங், சார்ல்ஸ் கிரே ஆகிய நாலு பேர் வடக்கே கிளம்பினார்கள். நல்ல கோடை. ஆஸ்திரேலியாவில் டிசம்பர்தான் நம்ம ஊர் மே. முகாமுக்குப் பொறுப்பாளர் வில்லியம் பிராஹே. மூன்று மாதம் காத்திரு என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

1861 பிப்ரவரியில் வடக்குக் கரையின் அருகே போய்விட்டார்கள். சதுப்பு நிலக் காட்டைத் தாண்ட முடியாததால் கடலைக் கண்ணால் பார்க்கவில்லை, தண்ணீர் உப்புக் கரித்ததை வைத்துத் தெரிந்துகொண்டார்கள். திரும்பும் வழியில் சாப்பாடு தீர்ந்தது. ஏப்ரல் 17-இல் கிரே இறந்தார். அவரைப் புதைக்கக் குழி தோண்டி, ஓய்வெடுத்து, ஒரு நாள் போயிற்று. ஏப்ரல் 21 சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். முகாமில் யாரும் இல்லை. மூன்று மாதத்துக்குப் பதில் நாலு மாதத்துக்கும் மேலே காத்திருந்த பிராஹே அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருந்தார். ஒரு மரத்தில் 'தோண்டு' என்று ஆங்கிலத்தில் செதுக்கியிருந்தது. தோண்டியதில் கொஞ்சம் உணவும் ஒரு கடிதமும் கிடைத்தன.

இங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பர்க் குழு உணவை எடுத்துக்கொண்டு, தாங்கள் வந்த விவரத்தை எழுதி அதே குழிக்குள் வைத்து, மண்ணை முன்பு இருந்தது போலவே மூடிவிட்டுப் போனார்கள். மரத்தில் புதிதாக ஓர் அடையாளம் கூட வெட்டவில்லை. பிராஹேக்கு மனசு கேட்காமல் இன்னொருவரோடு மே 8-ஆம் தேதி திரும்பி வந்து பார்த்தார். எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. தோண்டிப் பார்க்காமல் போய்விட்டார்.

பலரும் இந்தக் கதையை இந்தச் சில மணி நேரத்துக்காகத்தான் சொல்கிறார்கள். விதி, துரதிர்ஷ்டம் என்றெல்லாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏனென்றால் ஏப்ரல் 21-ஆம் தேதி அவர்கள் சாகவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். அந்த ஓடையில் தண்ணீர் இருந்தது, மீன் இருந்தது, அதைவிட முக்கியமாக மனிதர்கள் இருந்தார்கள். யாண்ட்ருவாண்டா என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். குழந்தை பெற்று, கிழவிகளைப் பார்த்துக்கொண்டு, சண்டை போட்டு, சமாதானமாகி. வெள்ளைக்காரர்களின் வரைபடத்தில் 'ஒன்றும் இல்லாத இடம்' என்று இருந்தது அவர்களுக்குச் சமையலறை.

ஆரைக்கீரை

யாண்ட்ருவாண்டா மக்கள் இவர்களுக்கு மீன் கொடுத்தார்கள். நார்டூ என்ற ஒரு செடியின் காயை அரைத்துச் செய்த அடையும் கொடுத்தார்கள். பசியில் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். அந்தக் காய் எங்கே கிடைக்கும் என்று முதலில் மரம் மரமாகத் தேடினார்களாம். அது தரையில் படர்கிற செடி என்பதே கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்ததும் தாங்களே பொறுக்கி, தாங்களே அரைத்து, தாங்களே சாப்பிட ஆரம்பித்தார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனதை வில்ஸ் தன் நாட்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். கால் தளர்ந்தது, எழுந்திருக்க முடியவில்லை.

இந்த நார்டூ எந்தச் செடி என்று தேடிப் பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. மார்சீலியா என்ற பேரினம். நம் ஆரைக்கீரையும் அதே பேரினம்தான்! நாலு இலை பிரிந்து பூப் போல இருக்குமே, வயல் வரப்பிலும் கண்மாய் ஓரத்திலும் தண்ணீர் நிற்கிற இடத்தில் படர்ந்து கிடக்குமே, அதுதான். எங்கள் அப்பத்தா அதைப் பறித்துவந்து பருப்புப் போட்டுக் கடைவார். நாம் இலையைச் சமைத்துச் சாப்பிடுகிறோம், அவர்கள் காய் போன்ற அதன் வித்துறையை இடித்துச் சாப்பிட்டார்கள். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

சரி, யாண்ட்ருவாண்டா மக்களைக் காலம் காலமாகக் காப்பாற்றிய உணவு இவர்களை ஏன் கொன்றது? 1994-இல் ஜான் ஏர்ல், பாரி மெக்ளியரி என்ற இரண்டு பேர் நேச்சர் இதழில் ஒரு விளக்கம் எழுதினார்கள். நார்டூவில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது தயமின் எனப்படும் பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். பி1 இல்லாமல் போனால் வருவது பெரிபெரி நோய். கால் தளர்வது, உடம்பு உருகுவது, நாடி விழுவது எல்லாம் அதன் அறிகுறிகள். உள்ளூர் மக்கள் நிறையத் தண்ணீர் விட்டு அரைத்து, நெருப்பில் சுட்டு என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். கூடவே மீன், கிளிஞ்சல் எல்லாம் சாப்பிட்டார்கள். பர்க் குழு செடியை மட்டும் தெரிந்துகொண்டது, செய்முறையை முழுசாகத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டினி, குளிர், ஸ்கர்வி எல்லாமும் சேர்ந்திருக்கலாம். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டும் செத்தார்கள் என்பதற்கு இதுதான் எனக்குப் பொருந்தி வருகிற விளக்கம்.

பெரிபெரி என்றதும் நம் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். தீட்டிய பச்சரிசியையே முக்கியமாகச் சாப்பிட்ட ஆந்திரக் கரையோர மாவட்டங்களில் இந்த நோய் இருந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்நாட்டுப் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. குன்னூரில் இருந்த உணவு ஆராய்ச்சிக்கூடத்தில் ஆய்க்ராய்டு போன்றவர்கள் 1930-களில் இதையெல்லாம் ஆராய்ந்தார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுசாகப் போவதில்லை. நெல் அவித்த நம் பாட்டிகளுக்கு வைட்டமின் என்ற வார்த்தையே தெரியாது. ஆனால் செய்முறை தெரியும்.

இதேதான் கருணைக்கிழங்குக்கும். தோண்டியதும் சமைத்தால் தொண்டை அரித்துக் கொன்றுவிடும். கொஞ்ச நாள் பழசாக விட்டு, அரிசி களைந்த தண்ணீரில் அலசி, புளி ஊற்றிக் கொதிக்கவைக்க வேண்டும். "கருணைக்கிழங்கு சாப்பிடலாம்" என்பது பாதி அறிவு. மீதிப் பாதி அந்தப் புளியில் இருக்கிறது. பாதி அறிவோடு போகிறவன் ஒன்றுமே தெரியாதவனை விட சீக்கிரம் மாட்டிக்கொள்வான், ஏனென்றால் தனக்குத் தெரியும் என்று நினைத்துக் கேட்பதை நிறுத்திவிடுகிறான்.

மீனைத் தட்டிவிட்டவர்

பர்க் ஏன் கேட்கவில்லை? கிங் பிறகு சொன்ன வாக்குமூலத்தில் ஒரு சம்பவம் வருகிறது. யாண்ட்ருவாண்டா ஆட்கள் வலையில் மீன் கொண்டுவந்து கொடுத்தபோது பர்க் அதைக் கையால் தட்டிவிட்டு, அவர்கள் தலைக்கு மேலே சுடச் சொல்லியிருக்கிறார். இவர்களிடம் நெருங்கினால் நம்மை ஏறி மிதித்துவிடுவார்கள் என்ற பயம், கூடவே அவர்கள் கையை எதிர்பார்த்துப் பிழைப்பதா என்ற கௌரவம். அவர்கள் விலகிப் போனார்கள். ஜூன் கடைசி வாக்கில் வில்ஸும் பர்க்கும் அடுத்தடுத்து இறந்தார்கள்.

மிச்சம் இருந்தது கிங். குழுவிலேயே கீழ்மட்டத்து ஆள். அவர் என்ன செய்தார்? யாண்ட்ருவாண்டா மக்களைத் தேடிப் போய் அவர்களோடு சேர்ந்துகொண்டார். பறவைகளைச் சுட்டு அவர்களுக்குக் கொடுத்தார். கையில் புண்ணோடு இருந்த ஒரு பெண்ணுக்குத் தன்னிடம் இருந்த மருந்தைப் போட்டுவிட்டார். அவர்கள் சோறு போட்டார்கள், தங்குவதற்குக் குடிசை போட்டுக் கொடுத்தார்கள். பர்க் இறந்து கிடந்த இடத்தைக் காட்டியபோது, தங்களைச் சுடச் சொன்ன அந்த மனிதனின் உடலைப் பார்த்து அவர்கள் அழுதார்களாம், தழை போட்டு மூடினார்களாம். 1861 செப்டம்பர் 15-ஆம் தேதி ஆல்பிரட் ஹோவிட்டின் தேடுதல் குழு வந்தபோது கிங் உயிரோடு இருந்தார். வடக்கே போய் வந்த நாலு பேரில் அவர் ஒருவர்தான் மிச்சம்.

அதே ஓடை, அதே நார்டூ, அதே குளிர்காலம். ஒரே வித்தியாசம், கிங் போய்க் கேட்டார்.

இதை மட்டும் வைத்து நான் முடிவுகட்டவில்லை. 1841-இல் எட்வர்ட் ஜான் ஐர் தெற்குக் கரை வழியாக மேற்கே நடந்தபோது கடைசிவரை அவரோடு சேர்ந்து பிழைத்துவந்தவர் வைலி என்ற பழங்குடி இளைஞர். ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் வேறு மாதிரி. சின்னக் குழு, குறைந்த சாமான், ஒரு நீர்நிலையிலிருந்து அடுத்த நீர்நிலை என்று போவார், தண்ணீர் இல்லையென்றால் கூச்சப்படாமல் திரும்பிவிடுவார். பல தடவை திரும்பிவிட்டு 1862 ஜூலையில் வடக்குக் கடலைத் தொட்டார். அவர் தலைமையில் போன ஒருவர் கூடச் சாகவில்லை. அவர் கேட்டது பெரும்பாலும் நிலத்திடம். அதுவும் கேட்பதுதான். நிலம் "இல்லை" என்று சொன்னால் ஒப்புக்கொள்கிற பணிவு அவரிடம் இருந்தது.

தனி ஆள் வீரம்

நம் வகுப்பில் பாதிப் பேர் தமிழ் டப்பிங்கில் 'மேன் வெர்சஸ் வைல்ட்' பார்த்து வளர்ந்தவர்கள். நானும்தான். ரஜினி பேர் கிரில்ஸோடு பந்திப்பூர் காட்டுக்குப் போன நிகழ்ச்சி 2020 மார்ச்சில் வந்தபோது குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். பொழுதுபோக்கு என்ற அளவில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அந்த நிகழ்ச்சிகள் நம் தலையில் ஒரு படத்தைப் பதித்துவிட்டன: காடு ஒரு எதிரி, தனி ஆள் ஒரு கத்தியோடு போய் அதை ஜெயிக்க வேண்டும், அந்தக் காட்டில் வேறு யாரும் குடியிருப்பதில்லை. பர்க்கின் தலையில் இருந்ததும் ஏறக்குறைய இந்தப் படம்தான்.

வறண்ட பூமியில் பிழைப்பது தனி ஆள் வித்தை கிடையாது. எங்கள் பக்கம் வந்து பாருங்கள். பிழைக்கிற வித்தையை ஊர் கூடித் தரையிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். குடிக்க ஊருணி, அதில் செருப்புப் போட்டு இறங்கக் கூடாது, குளிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. விவசாயத்துக்குக் கண்மாய், ஒன்று நிரம்பி அடுத்ததுக்குப் போகிற மாதிரி வரிசை. வழிப்போக்கனுக்குச் சுமைதாங்கிக் கல், தண்ணீர்ப் பந்தல், சத்திரம். 1689-லிருந்து 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பெயரில் தெற்கே இன்றும் சாலை இருக்கிறது. நிழலும் தண்ணீரும் இல்லாமல் ரோடு போட்டால் பிணம் விழும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு இவையெல்லாம். குண்டாறு வறண்டு கிடந்தாலும் மணலில் ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் வரும் என்பது எங்கள் தாத்தா காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: "அவ்வளவு அறிவு இருந்த ஊரில் தாது வருஷப் பஞ்சத்தில் ஏன் அத்தனை பேர் செத்தார்கள்?" நியாயமான கேள்வி. 1876-78 பஞ்சத்தில் தென்னிந்தியாவில் லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். ஆனால் மழை பொய்த்தது மட்டும் காரணமில்லை. பஞ்சம் நடக்கும்போதே இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. 1877-இல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை செய்கிற ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம் சொச்சம். இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். வெளியிலிருந்து வந்தவர், உள்ளே இருப்பவர்களைக் கேட்காமல் அவர்களுக்கு எவ்வளவு சோறு போதும் என்று முடிவுசெய்தார். பர்க் கேட்காததால் பர்க் செத்தார். அதிகாரத்தில் இருப்பவன் கேட்காவிட்டால் ஊர் சாகிறது. செடி தெரிந்தால் பிழைத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கேட்கிற பழக்கம் மேலேயும் வேண்டும், கீழேயும் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது நம் கதை

உண்மையில் எனக்குப் பயம் தருவது வேறு. பர்க்காவது வேற்று நாட்டுக்காரர். நான் பிறந்த ஊரின் கண்மாய்க்குள் எனக்கே வழி தெரியவில்லை. எங்கள் தலைமுறை படித்து முன்னேற வேண்டும் என்று வெயிலில் இறங்க விடாமல் வளர்த்தார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒன்று விட்டுப்போயிற்று. எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எது உப்புத் தண்ணீர், எந்த மடை வழியாக இறங்கினால் அடுத்த ஊர் வரும், எந்தக் கீரையை எப்படிச் சமைக்க வேண்டும் என்பதெல்லாம் அப்பத்தாவோடு நின்றுவிட்டது. ஒரு வீட்டுக்குள்ளேயே நாங்கள் யாண்ட்ருவாண்டா, பர்க் என்று இரண்டு நாட்டுக்காரர்களாக இருக்கிறோம்.

அந்த மே மாதத்திலேயே ஒரு நோட்டு வாங்கினேன். அப்பத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுத ஆரம்பித்தேன். முதல் நாள், "இதெல்லாம் எதுக்குய்யா எழுதுற?" என்று சிரித்தார். இரண்டாம் நாள் அவரே கூப்பிட்டுச் சொன்னார். ஆனால் எனக்குக் கொஞ்சம் லேட் ஆகிவிட்டது. சில செடிகளின் பெயர் அவருக்கு நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடுகிறது. "உங்க சின்னத்தாத்தாவுக்குத் தெரியும், அவருக்கிட்டக் கேளு" என்கிறார். சின்னத்தாத்தா இறந்து மூன்று வருஷமாகிறது. அந்த நினைவும் அவருக்கு வந்து வந்து போகிறது. அந்த இடங்களில் நோட்டில் கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

நீங்கள் கரிசல்காட்டுக்காரராக இருக்க வேண்டியதில்லை. மலையோ, கடற்கரையோ, வயற்காடோ, உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். தண்ணீர் இல்லாத வருஷம் எங்கே போய் எடுத்தீர்கள்? சோறு இல்லாத வருஷம் என்ன சாப்பிட்டீர்கள்? அதை எப்படிப் பக்குவப்படுத்தினீர்கள்? மூன்றாவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டும் வில்ஸுக்கும் தெரியும்.

அப்புறம், மினிபஸ் வராவிட்டால் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நான் இப்போதெல்லாம் கேட்கிறேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார், "உங்க ஊருக்கு நீயே வழி கேக்குற?" என்கிறார். பார்த்தால் பார்க்கட்டும்.